தார்ப்பாய்க்குள் ஒளிந்த படகு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடினால் போதும், எனக்கு இன்னமும் பச்சைப் புள்ளிகள் வந்துவிடும். கடற்படையில் பதினைந்து வருஷம் ரேடார் திரை பார்த்தவன் நான். ஒரு கோடு வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது தடவிவிட்டுப் போன இடத்தில் கப்பல் இருந்தால் ஒரு புள்ளி கண் விழிக்கும், அப்புறம் மெல்ல மங்கும். அடுத்த சுற்றில் மறுபடி விழிக்கும். புதுத் திரைகளில் எல்லா நிறமும் வந்துவிட்டது. என் தூக்கத்தில் வருவது பழைய பச்சைதான்.

சர்வீஸ் முடிந்து கோட்டைப்பட்டினத்துக்கே திரும்பி வந்து ஆறு வருஷமாகிறது. எங்கள் கடல் மற்ற கடல்களைப் போல ஆர்ப்பாட்டம் செய்யாது. பாதி நாள் குளம் மாதிரிதான் கிடக்கும். நண்பகலில் வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். தூரத்தில் நிற்கிற படகு தண்ணீரில் நிற்கிறதா வானத்தில் தொங்குகிறதா என்று சொல்ல முடியாது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நாம் விழித்திருக்கிறோமா என்பதும் சந்தேகமாகிவிடும்.

என் அண்ணன் அந்தச் சாம்பலுக்குள் தினமும் போய் வருகிறவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். சின்ன ஃபைபர் படகு, பின்னால் ஒரு எஞ்சின், நண்டு வலை. கூட ஒரு கூட்டாளி. அவ்வளவுதான் அவருடைய கப்பற்படை. என் வேலையை அவர் ஒரு நாளும் மதித்ததில்லை. "கடலுக்குப் போயும் கடலைப் பாக்காம டிவி பாத்துட்டு வந்தவன்டா நீ" என்பார். ஊரும் என்னை ரேடார்காரர் என்றுதான் சொல்லும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்து என்ன, அவர் அண்ணனாயிற்றே.

ஒளிவதில் அண்ணன் பெரிய கை. கடலுக்கடியில் கல் மேடாக இருக்கும் இடத்தை நாங்கள் பார் என்போம். அங்கேதான் நண்டு கூடும். அண்ணனுக்கு மட்டும் தெரிந்த பார் இரண்டு மூன்று இருந்தன. கரையில் தெரிகிற பள்ளிவாசல் மினாரையும் ஒரு தனிப் பனையையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்து அந்த இடத்தைப் பிடிப்பார். இப்போது ஜிபிஎஸ் வந்து எல்லாருடைய ரகசியத்தையும் நம்பராக்கிவிட்டது. ஒருத்தன் வலை விட்ட இடத்துக்கு மறுநாள் பத்துப் படகு வந்து நிற்கிறது. அதனால் அண்ணன் வடக்கே போகிறவர் மாதிரி கிளம்பி, கரை மறைந்ததும் தெற்கே திரும்புவார். செல்போனை அணைத்துவிடுவார். கூட்டாளியிடம்கூடக் கடைசி நிமிஷத்தில்தான் சொல்வார்.

நான் திரும்பி வந்ததும் முதலில் செய்ய நினைத்தது அவருடைய படகை ரேடாருக்குத் தெரிய வைப்பது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சர்வீஸில் ஒரு தடவை, மேற்குக் கரையில், புயலுக்கு மறுநாள் காணாமல் போன ஃபைபர் படகு ஒன்றைத் தேடினோம். திரையில் நான் இருந்தேன். அலைகளே ஆயிரம் புள்ளியாக மினுங்கின. ஃபைபரும் ஈர மரமும் மனுஷ உடம்பும் ரேடாருக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லாது. நாலு நாள் கழித்து வேறு ஊர் மீனவர்கள் அந்தப் படகைக் கண்டார்கள், காலியாக. நாங்கள் அந்த இடத்துக்கு மிகப் பக்கத்தில்தான் போய் வந்திருந்தோம். யார் தப்பும் இல்லை என்றார்கள். இல்லைதான். ஆனால் அந்த மினுங்கலில் ஒன்று அவர்களாக இருந்திருக்கும் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவே இல்லை.

புதுக்கோட்டை பழைய இரும்புக் கடை ஒன்றில், கழற்றிப் போட்ட விளம்பரப் போர்டின் அலுமினியத் தகடு கிடைத்தது. மூன்று தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும்படி சேர்த்தால், எந்தப் பக்கத்திலிருந்து ரேடார் அலை வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். இத்துனூண்டு படகு பெரிய இரும்புக் கப்பலாகத் தெரியும். கோணம் கொஞ்சம் பிசகினாலும் பிரயோஜனமில்லை. மூலைமட்டம் வைத்து வைத்து இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். ஒரு தகட்டில் பாதி அழிந்த மணப்பெண் முகம் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் அதைப் பார்த்ததும் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "நான் ஒளிஞ்சு ஒளிஞ்சு பொழைக்கிறேன். நீ என் தலையில லைட்டக் கட்டி விடுறியா?"

"லைட்டு இல்லண்ணே. இது கண்ணுக்குத் தெரியாது. ரேடாருக்குத்தான் தெரியும். நம்ம ஊருப் படகுல எவன் ரேடார் வச்சிருக்கான்?"

"இன்னைக்கு வச்சிருக்க மாட்டான். நாளைக்கு வாங்குவான்."

அதை என்னால் மறுக்க முடியவில்லை. மதினிதான் வழிக்குக் கொண்டுவந்தார். அண்ணன் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்து, "இதைக் கழட்ட மாட்டேன்னு சொல்லுங்க" என்றார். அண்ணன் யாருக்கும் பயப்பட மாட்டார், மதினி தலையில் வைத்த சத்தியத்துக்குப் பயப்படுவார். முனகிக்கொண்டே கம்பத்து உச்சியில் கட்டினார்.

அதற்குப் பிறகுதான் அந்த வீடியோக்கள் வர ஆரம்பித்தன. எங்கோ நடக்கிற சண்டை. சின்ன ட்ரோன் ஒன்று வயலுக்கு மேலே தும்பி மாதிரி மிதந்து போய், நின்றுகொண்டிருக்கிற டாங்கியின் மேல் இறங்கும். அப்புறம் புகை. பூவரச மரத்தடியில் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டே அண்ணன் போனில் இதைத்தான் பார்ப்பார். மத்தியான வெயில் இலை இடுக்கில் விழுந்து அவர் முதுகில் அசைந்துகொண்டிருக்கும்.

"தம்பி, போன மாசம் ஆவுடையார்கோவில் கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளைக்கு மேல பறந்துச்சே, அந்தச் சாமானாடா இது?"

"அது மாதிரிதாண்ணே."

"அதுவா இம்புட்டுப் பெரிய இரும்பை ஒடைக்குது?" அவர் குரலில் டாங்கிக்காக உண்மையான வருத்தம் இருந்தது.

எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்தால் போதும். டாங்கிக்கு முன்பக்கம்தான் கனமான தகடு, மேல்பக்கம் மெலிசு, ஏனென்றால் அதைச் செய்த காலத்தில் சண்டை எதிரிலிருந்துதான் வந்தது என்றேன். இப்போது மேலே கோழிக்கூண்டு மாதிரிக் கம்பி வலை வைத்து ஓட்டுகிறார்கள் என்றேன்.

"அப்ப அடுத்தவன் கூண்டுக்குள்ள பூருற மாதிரி ஒண்ணு செய்வான்."

"செய்வாண்ணே."

"அதுக்கு இவன்?"

"அலைவரிசையக் குழப்பி ட்ரோனைக் கீழ விழ வைப்பான். அதுக்கும் அவன் மெல்லிசா ஒரு கண்ணாடி வயரைப் பின்னாலயே விட்டுக்கிட்டு வருவான். வயரு இருந்தா குழப்ப முடியாது."

"நம்ம தூண்டிக் கயிறு மாதிரி."

"ஆமா."

"இதுக்கு முடிவே இல்லையாடா? இரும்பு ஜெயிக்குமா, இல்ல, இரும்பை ஒடைக்கிறவன் ஜெயிப்பானா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. அதனால் பேச்சை ரேடாருக்குத் தெரியாத விமானத்துக்குத் திருப்பினேன். அதில் இரண்டு தந்திரம் உண்டு. ஒன்று, உடம்பைக் கோணல் மாணலாக வெட்டி, வந்த அலையை வேறு பக்கம் சிதற விடுவது. இன்னொன்று, அலையை விழுங்கிவிடுகிற கருப்புப் பூச்சு ஒன்றை மேலே பூசுவது. அதையும் கண்டுபிடிக்க வழி வந்துகொண்டே இருக்கிறது, நீளமான அலை அனுப்பினால் மங்கலாகவாவது தெரிந்துவிடும், எஞ்சின் சூடு காட்டிக்கொடுக்கும், நாலு இடத்தில் உட்கார்ந்து காது கொடுத்தால் சிதறுகிற அலையும் ஒருவன் கையில் மாட்டும் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அந்த மத்தியானம் எனக்கு இனித்தது. கடல் தூங்கிக்கொண்டிருந்தது, என் குரலே எனக்குத் தாலாட்டாக இருந்தது. அண்ணன் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அவர் ஒரே ஒரு சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த வாரம் கரைக்குப் போனபோது அவருடைய படகுக் கம்பத்தில் கருப்பாக ஒரு மூட்டை தொங்கியது. என் தகடுகளைக் கருப்புத் தார்ப்பாயில் சுற்றி, நைலான் கயிறால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"கழட்ட மாட்டேன்னுதான் சத்தியம் செஞ்சேன். மூட மாட்டேன்னு செய்யலையே" என்று கண்ணைச் சிமிட்டினார். "நீ சொன்னல்ல, கருப்பு அலையை முழுங்கிரும்னு. இனிமே எவனுக்கும் தெரியாதுல்ல?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கருப்பு நிறமா விழுங்குகிறது? அந்தப் பூச்சில் என்னென்னவோ கலந்திருக்கும். தார்ப்பாய் நம் கண்ணுக்குத்தான் சுவர். ரேடார் அலைக்கு அது கொசுவலைகூட இல்லை, நேராகப் புகுந்து தகட்டில் பட்டுத் திரும்பி வந்துவிடும். மூட்டைக்குள்ளிருந்தும் அண்ணனுடைய படகு இரும்புக் கப்பலாகத்தான் மின்னிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

சொல்லவில்லை. சொன்னால் மூட்டையோடு கழற்றிக் கடலில் எறிந்துவிட்டு மதினியிடம் காற்றில் போய்விட்டது என்பார், எனக்கு அவரைத் தெரியும். அந்த நாலு நாள் தேடல் ஞாபகம் வந்தது. "ஆமாண்ணே. இனிமே ஒங்களை எவனும் பாக்க முடியாது" என்றேன். பதினைந்து வருஷம் ரேடார் பார்த்தவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்? முகமெல்லாம் பல்லாக எஞ்சினைக் கிளப்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் படிப்பை மதித்தார். அது ஒரு பொய்யில் நடந்தது.

எனக்கு அன்றைக்கு வெட்கமே இல்லை. பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்தேன். அவருக்கு ஒளிந்திருக்கிற சந்தோஷம், எனக்கு அவர் தெரிகிற நிம்மதி. இரண்டு பேருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மரத்தடியில் நன்றாகத் தூங்கினேன்.

புரட்டாசி முழுக்க அண்ணன் நிறைய நண்டு கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் கை அகலம். "எங்கேண்ணே இது?" என்றால், "கெழக்கே ஒரு பாரு. பயந்துக்கிட்டு இவ்வளவு நாளா போகாம இருந்தேன்" என்பார். கிழக்கே என்றால் எல்லைப் பக்கம். அங்கே இரண்டு நாட்டு ரோந்துக் கப்பல்களும் சுற்றும். கரையிலிருந்து அவ்வளவு தூரம் எங்கள் ஊர் நாட்டுப்படகுகள் தனியாகப் போகாது, போனால் நாலைந்தாகச் சேர்ந்துதான் போகும். இதையெல்லாம் தெரிந்தவன்தான் நான். அந்த நண்டுக் குழம்பை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டேன். எதனால் இவருக்கு இந்தத் தைரியம் வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் கூட்டாளிக்குக் காய்ச்சல். அண்ணன் தனியாகவே விடியற்காலையில் கிளம்பிப் போனார். மத்தியானத்துக்கு முன்னால் திரும்ப வேண்டியவர் நாலு மணிக்கும் வரவில்லை. வாடைக்காற்று ஏறிக்கொண்டிருந்தது. மதினி கரையில் வந்து நின்றார். சேலைத் தலைப்பு காற்றில் அடித்துக்கொண்டது. அவர் அழவில்லை, என்னை மட்டும் பார்த்தார். "தம்பி, அந்தத் தகடு இருக்குல்லங்க? கப்பக்காரங்க பாத்திருவாங்கல்ல?"

"பாத்திருவாங்க மதினி" என்றேன். கிழக்கே போயிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எதை நம்பிப் போனார் என்பதும் அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

கடலோரக் காவல் அதிகாரிகளுக்குப் போன் செய்தேன். தேடுகிற கப்பலுக்குச் சொல்லுங்கள், கம்பத்தில் தகடு கட்டியிருக்கிறது, சின்னப் படகு என்று நினைத்துத் தேடாதீர்கள், பெரிய புள்ளியாகத் தேடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். எதிரில் பேசியவருக்கு நான் பைத்தியமாகத் தோன்றியிருப்பேன். மறுநாள் காலை முழுக்கக் கரையில் உட்கார்ந்திருந்தேன். சாரல் அடித்து, கடலும் வானமும் ஒன்றாகிக் கிடந்தன. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் பச்சைப் புள்ளிகள். அதில் எது அண்ணன் என்று தேடிக்கொண்டிருந்தேன். பயம் என்றால் அப்படிப் பயம். சின்ன வயதில் என்னைத் தோளில் உட்கார வைத்துக் கழுத்தளவு தண்ணீரில் நடந்த மனுஷன். அவர் திரும்பி வராவிட்டால் நான்தான் கொன்றவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணிக்குத் தகவல் வந்தது. நம்முடைய ரோந்துக் கப்பல் ஒன்று அவரைக் கண்டுபிடித்துவிட்டது. எஞ்சின் விசிறியில் அறுந்த வலைக் கயிறு சுற்றி, எஞ்சின் நின்று, காற்று அடித்த பக்கமெல்லாம் போயிருக்கிறார். படகில் பாதித் தண்ணீர். இரவெல்லாம் இறைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். மதினி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைத் தூக்கிவிடக்கூடத் தோன்றவில்லை, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் படகோடு கொண்டுவந்து சேர்த்தார்கள். அண்ணன் உதடு வெளுத்து, உப்புப் பூத்து, கிழவராக இறங்கினார். மதினியின் கையைப் பிடித்தார். கூட்டாளியின் தோளைத் தட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, கப்பலில் ஏற்றியதும் ஒருவர் அந்தக் கருப்பு மூட்டையைக் காட்டி, "இதுல என்னய்யா வச்சிருக்க? ஸ்கிரீன்ல கப்பல் மாதிரி மின்னுறியே" என்று கேட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. கடலுக்கும் போகவில்லை. படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. காய்ச்சல் தேறின கூட்டாளி கூப்பிட்டபோதும், காற்று சரியில்லை என்றார். காற்று சரியாகத்தான் இருந்தது. மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க அவுககிட்ட என்ன சொல்லி வச்சீங்க தம்பி?" என்று கேட்டார். முழுதையும் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "காப்பாத்தத்தான் செஞ்சீங்க" என்றார். அந்த வார்த்தையில் ஆறுதல் இருந்ததா குற்றம் இருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த நாட்களில் நான் அண்ணன் கேட்ட கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தேன். இரும்பு ஜெயிக்குமா, அதை உடைக்கிறவன் ஜெயிப்பானா? பெரிய நாடுகள் இன்னும் கனமான தகடும் இன்னும் நல்ல பூச்சும் செய்துகொண்டே இருக்கும். அதைத் துளைக்கவும் அதைப் பார்க்கவும் வேறொருவன் செய்துகொண்டே இருப்பான். ஒரு நாள் எந்தப் பூச்சும் எந்தத் தகடும் உதவாமல் போகலாம், போகாமலும் இருக்கலாம். அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது அந்த டாங்கிக்குள்ளும் விமானத்துக்குள்ளும் உட்கார்ந்திருக்கிற மனுஷன்தான். யாரோ பெரிய படிப்புப் படித்தவன் அவனிடம், உன்னை யாரும் பார்க்க முடியாது, உன்னை ஒன்றும் துளைக்காது என்று சொல்லியிருப்பான். அதை நம்பி அவன் போகக் கூடாத தூரம் போயிருப்பான். சொன்னவன் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருப்பான்.

ஒரு மத்தியானம் நான் கண்ணை மூடிக் கிடக்கும்போது பக்கத்தில் யாரோ வந்து உட்காருவது கேட்டது. அண்ணன். கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை நாளும் அந்தக் கப்பக்காரனுக என்னையப் பாத்துக்கிட்டேதான் இருந்தானுகளா?" என்றார்.

"இருந்திருப்பாங்கண்ணே."

"நான் ஒருத்தனுக்கும் தெரியலேன்னு நெனச்சு அங்கிட்டு உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தேன்டா."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"பயப்பட வேண்டிய எடத்துல பயப்படாம இருந்தேன். அது ஒன்னாலதான். இப்ப உசுரோட வந்து உக்காந்திருக்கேன். அதும் ஒன்னாலதான். திட்டவும் முடியல, கும்பிடவும் முடியல. என்ன செய்யச் சொல்ற என்னைய?"

"தப்புதாண்ணே" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கடலில் போய் வந்த அந்தக் கண்ணில் நான் அதுவரை பார்த்திராத ஒன்று இருந்தது. அண்ணன் பயந்திருந்தார்.

"இனிமே எனக்குத் தெரியாம என்னையக் காப்பாத்தாத" என்றார். அப்புறம் மெதுவாக, "காப்பாத்தணும்னா கூட வா" என்றார்.

இந்த ஆறு வருஷத்தில் நான் அவருடைய படகில் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. முழங்கால் வலி என்பேன், வெயில் என்பேன். அவரும் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்குண்ணே?" என்று கேட்டேன்.